கடலோர விடுதியும் கார்காலச் சூறாவளியும்

மின்சாரம் எட்டிப்பாராத காலத்தில் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும் மட்டக்களப்பு வாவிக்கரைக் குடிசைகளிலும் இரவுதோறும் எரிந்த விளக்கிற்கு ‘அரிக்கன் லாம்பு’ என்று பெயர். கண்ணாடிக் கூண்டினுள்ளே திரி எரியும். வெளியே காற்று வீசினும் சுடர் அணையாது. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை, மாலைதோறும் கண்ணாடியைத் துடைத்துத் திரியை நறுக்கிய பெண்டிர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் ஆதிக்குடிகள் தங்கள் கரைகளைச் சூறையாடிய பெருங்காற்றிற்கு இட்ட பெயரை ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். ஆங்கிலேயரின் விளக்கோடு அச்சொல் கப்பலேறி இலங்கைக் கரையை அடைந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ‘அரிக்கேன்’ என்றும், பசிபிக்கின் மேற்குப் பகுதியில் ‘தைபூன்’ என்றும், வங்காள விரிகுடாவில் சூறாவளி என்றும் வழங்குவன யாவும் ஒரே காற்றே.

விளக்கு மறைந்துவிட்டது, காற்று மறையவில்லை. 1964ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் இலங்கையின் வடபகுதியைத் தாக்கிக் கடந்த சூறாவளி, அப்பாலுள்ள தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தது. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். அம்மாவட்டத்துத் தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் தரைமட்டமாயின. கிழக்கில் ‘சூறாவளிக்கு முந்தி’, ‘சூறாவளிக்குப் பிந்தி’ என்று காலத்தைக் கணக்கிடும் முதியோரை இன்றுங் காணலாம். 2000ஆம் ஆண்டு திசெம்பர் 26இலும், 2020 திசெம்பர் 2இல் ‘புரெவி’ என்ற பெயருடனும், திருகோணமலைப் பக்கமாகச் சூறாவளிகள் கரையேறின. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ காற்றின் வேகத்தாற் பெயர்பெற்றதன்று. அது கொணர்ந்த மழையும் மலைநாட்டு மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றன.

இவற்றோடு 2004ஆம் ஆண்டுக் கடற்கோளை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். கடற்கோள் சொல்லாமல் வந்தது. சூறாவளியோ நாட்கணக்கில் முன்னறிவித்துவிட்டு வருகின்றது. வளிமண்டலவியல் திணைக்களத்தார், முதலில் தாழமுக்கம் என்றும், பின்னர் அது வலுப்பெறுகின்றது என்றும், காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டியதும் சூறாவளி என்றும் அறிவிக்கின்றனர். இவ்வாறு இரண்டு மூன்று நாள் அவகாசங் கிடைத்தும், கடற்கரையிலுள்ள ஒரு சிறு விடுதி எவ்வித ஆயத்தமுமின்றி அகப்பட்டுக்கொள்வதன் காரணம் என்ன?

காரணம் பெரும்பாலும் பருவத்திலே தங்கியுள்ளது. பாசிக்குடா, நிலாவெளி, அறுகங்குடா முதலிய கிழக்குக் கரைகளில் உல்லாசப் பயணிகள் வருங்காலம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையிலாகும். அக்காலத்தில் தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்க, கீழ்க்கரைக் கடல் கண்ணாடி போற் கிடக்கும். விடுதிக்காரர் கூரையையும் கிணற்றையும் யன்னலையும் கவனிப்பதும் அக்காலத்தை முன்னிட்டே. சூறாவளி வருவதோ கார்த்திகையிலும் மார்கழியிலும். அப்போது ஆறு அறை கொண்ட விடுதியில் ஓர் அறையில் மாத்திரம் விருந்தினர் இருப்பர். சிலவேளை ஒருவரும் இரார். உரிமையாளர் கொழும்பிலோ கண்டியிலோ இருப்பார். வீட்டைப் பார்ப்பவர் ஒரு காவற்காரர். பின்வளவிலுள்ள கிடுகுக் கொட்டிலில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும். ஆயத்தம் என்று பேசும்போது இந்த வீட்டையே மனதிற் கொள்ளல் வேண்டும். பெரிய ஹோட்டல்களுக்குப் பொறியியலாளரும் மின்பிறப்பாக்கியும் உண்டு. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை.

முதலிற் கூரை. காற்றுக் கூரையை அழுத்தித் தள்ளுகின்றது என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. விரைந்து வீசுங் காற்றுக் கூரையின் மேலாகக் கடக்கும்போது அங்கே அமுக்கங் குறைகின்றது. கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகின்றது. இவ்வேளையில் காற்றெதிரே உள்ள ஒரு யன்னலோ கதவோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றுக் கீழிருந்தும் கூரையை உந்தும். மேலிருந்து இழுப்பும் கீழிருந்து உந்தலும் ஒன்றுசேர, தகடுகள் ஆணியோடு கிளம்பிவிடுகின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் நன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்கிய கூரை, 120 கிலோமீற்றர் வேகக் காற்றையும் அவ்வாறே தாங்கும் என்று எண்ணுதல் பெரும் பிழை. ‘போன வருடக் காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்வோர் இக்கணக்கை அறியார்.

இழுப்பு மிகுவது கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலுமே. ஆகவே ஏணி வைத்து ஏறுபவர் நடுக்கூரையைப் பார்த்துத் திருப்தியடையாமல், தாழ்வாரத்து விளிம்பில் உள்ள கொக்கி ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தல் வேண்டும். உப்புக்காற்றில் ஆணி துருவேறி, தலை மாத்திரம் எஞ்சி நிற்பதைக் கடலோர வீடுகளில் அடிக்கடி காணலாம். அடுத்துச் சிலாகை கைமரத்தோடும், கைமரம் சுவரோடும் பொருந்தியுள்ளனவா என்று நோக்க வேண்டும். தகடு சிலாகையைப் பற்றியிருந்தும் கைமரம் சுவர்மேற் சும்மா கிடக்குமாயின், கூரை முழுவதும் தொப்பியைக் கழற்றினாற்போலக் கழன்றுவிடும். துருப்பிடியாத இரும்புப் பட்டையாற் கைமரத்தைச் சுவரோடு பிணைத்தல் சிறந்த முறை. ஆனால் அது சித்திரைக்கு முன் தச்சரை அழைத்துச் செய்யவேண்டிய வேலை. எச்சரிக்கை வந்த பின்னர்த் தச்சர் எவரும் கிடையார். அவரவர் தத்தம் வீட்டுக் கூரையில் இருப்பர். அந்த இரண்டு நாளிற் செய்யக்கூடியது, தடித்த கயிறுகளைக் கூரையின் குறுக்கே எறிந்து, இருபுறமும் நிலத்தில் ஆழ அறைந்த முளைகளில் இறுகக் கட்டுவதே. மணல் மூட்டைகளையும் பழைய ரயர்களையும் தகரத்தின்மேல் ஏற்றிவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சிறு காற்றுக்கு அது உதவும். பெருங்காற்றில் அம்மூட்டையே கீழே நிற்பவர் தலையில் விழும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காற்று ‘வந்த வழியே போகட்டும்’ என்று எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுவோர் பலர். மேற்கூறியவற்றைக் கேட்ட நேயர்களுக்கு இதன் பிழை தானாகவே விளங்கும். யன்னல்கள் யாவும் மூடியிருத்தல் வேண்டும். கண்ணாடி யன்னலாயின் வெளிப்புறத்தே அரை அங்குலத்துக்குக் குறையாத ஒட்டுப்பலகை அறைந்திருத்தல் வேண்டும். கண்ணாடியிற் பெருக்கற்குறி போல ஒட்டுநாடா ஒட்டுவது மனத்துக்கு ஆறுதல் தருமேயன்றிக் கண்ணாடிக்கு வலுத்தராது. பலகைகளை முன்னரே அளந்து வெட்டி, ‘வடக்கு அறை, இரண்டாம் யன்னல்’ என்றவாறு ஒவ்வொன்றிலும் எழுதி, ஆணிகளோடு ஒரு மூலையில் அடுக்கிவைத்த விடுதியில் அவ்வேலை அரை நாளில் முடியும். அவ்வாறு செய்யாத விடுதியில், மழையில் நனைந்துகொண்டு வாள் தேடுவர்.

எந்தப் பக்கத்து யன்னலை அறைவது? கடல் கிழக்கே இருப்பதால் காற்றும் கிழக்கிலிருந்துதான் வரும் என்று கருதி, கடல்நோக்கிய பக்கத்தை மாத்திரம் அடைத்துவிட்டு இருப்பவர் ஏமாறுவர். இப்பகுதியிற் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வது. அதன் மையம் கிழக்கே கடலில் நிற்கும்போது, கரையில் வீசுவது வாடைக்காற்று. அஃதாவது வடக்கிலிருந்து வருவது. மையம் நேரே தலைக்கு மேல் வருமாயின் காற்று அறவே ஓய்ந்துவிடும். சிலவேளை வானமும் வெளுக்கும், விண்மீனுந் தெரியும். சில நிமிடமோ, அரை மணியோ, அதற்கு மேலோ இவ்வமைதி நிலைக்கும். பின்னர்த் தெற்கிலிருந்து, முன்னையிலும் குறையாத வேகத்தோடு காற்று மீண்டும் அறையும். வாடையில் தளர்ந்த கூரை தென்காற்றிற் போய்விடும். அமைதியைக் கண்டு ‘காற்று விட்டுவிட்டது’ என்று முற்றத்தில் இறங்கியவர்கள் பறக்குந் தகட்டுக்கு இரையாவது இவ்வேளையிலேதான். ஆகையால் நாற்புறமும் அடைத்தல் வேண்டும். வானொலி சொல்லும்வரை எவரும் வெளியேறலாகாது.

மையத்துக்கு வடக்கே அமைந்த கரையில் நிலைமை வேறு. அங்கே காற்றுக் கடலிலிருந்து கரைநோக்கி வீசி, கடல்நீரையே தள்ளிக்கொண்டு வரும். தெற்கே அமைந்த கரையிற் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீரேற்றங் குறைவு. சூறாவளி திருகோணமலைக்குத் தெற்கே கரையேறும் என்று அறிவிக்கப்பட்டால், ‘தெற்கேதானே’ என்று நிலாவெளியில் இருப்பவர் ஆறுதலடைவதற்கு இடமில்லை என்பது இதனாற் பெறப்படும். மேலும், அறிவிக்கப்படும் பாதை கோடன்று. இருபுறமும் பல கிலோமீற்றர் விலகக்கூடியது.

நீரைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டியுள்ளது. ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஒரு தொன். முழங்காலளவு நீர் ஓடத் தொடங்கினால் வளர்ந்த ஆளும் நிற்றல் அரிது. கிழக்குக் கரை விடுதிகள் பல, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்த ஒடுங்கிய மணற்றிடலில் நிற்கின்றன. கடல் முன்னாலிருந்து ஏறுமுன்னரே, மேலே பெய்த மழையால் வாவி பின்னாலிருந்து ஏறிவிடும். ஊருக்குப் போகும் தெருவிலுள்ள தாம்போதி நீரில் மூழ்கினால் அதன்பின் வழியில்லை. விடுதிக்காரர் பலரும் காற்று எப்போது வரும் என்பதையே விசாரிக்கின்றனர். கேட்கவேண்டிய கேள்வி, தாம்போதி எப்போது மூழ்கும் என்பதே. 24 மணி நேரத்துக்கு முன்னரே வெளியேறவேண்டிய இடங்கள் உண்டு. அப்போது வெயிலுங்கூட அடித்துக்கொண்டிருக்கலாம்.

வளவில் உள்ளவற்றுக்கு அதிக நேரஞ் செலவிட வேண்டியதில்லை. கதிரை, மேசை, பூச்சாடி, பெயர்ப்பலகை, துவிச்சக்கர வண்டி ஆகிய யாவும் உள்ளே வருதல் வேண்டும். தென்னையிற் குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். தென்னை வளைந்து நிமிரக்கூடிய மரம், ஆனால் அதன் காய் பீரங்கிக் குண்டு. முருங்கையும் பப்பாசியும் எப்படியும் முறியும். வீட்டின்மேற் சாயாதவாறு கிளையைத் தறித்தால் போதும். மேல்மாடத் தண்ணீர்த் தாங்கி வெறுமையாக இருப்பின் காற்றில் உருண்டுவிடும். 1,000 லீற்றர் நிரப்பினால் அதுவே 1,000 கிலோ நிறையோடு அசையாமல் நிற்பதுடன், மின்சாரம் நின்றபின் குளிக்கவும் கழுவவும் உதவும். குடிநீரை வேறாக, மூடியுள்ள பாத்திரங்களில், ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் வீதம் மூன்று நாளுக்குச் சேர்த்துவைக்க வேண்டும். எரிவாயுச் சிலிண்டரை மூடி, கழற்றி, கட்டிவைக்க வேண்டும். கிணற்றுவாயைப் பலகையாலும் பொலித்தீன் விரிப்பாலும் மூடிக் கட்டுவது உப்புநீரை முற்றாகத் தடுக்காதெனினும், குப்பையும் செத்த பிராணிகளும் விழாமற் காக்கும்.

விருந்தினர் விடயம் நுட்பமானது. மார்கழி மாதம் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் வந்து சேருங் காலம். நத்தார் விடுமுறைக்குத் தென்பகுதிக் குடும்பங்களும் வருவதுண்டு. வருடத்தின் வெறுமையான மாதங்களில் வந்த அந்தச் சில ஆயிரம் ரூபாவை இழக்க விடுதிக்காரருக்கு மனம் வராது. ‘இன்னும் பார்ப்போம், திசை மாறினாலும் மாறும்’ என்று ஓர் இரவு தாமதிப்பார். அவ்வோர் இரவிலே தாம்போதி போய்விடும். வந்தவர்க்கோ ஊர் தெரியாது, பாஷை தெரியாது. அலையைப் படம்பிடிக்கக் கடற்கரைக்குப் போகவும் ஆசைப்படுவர். ஆதலால் முதலாவது எச்சரிக்கை வந்தவுடனேயே அவர்களை அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, தங்காத நாட்களுக்குரிய பணத்தையுந் திருப்பிக் கொடுத்து, உட்பகுதி நகரமொன்றுக்கு வாகனம் ஒழுங்குசெய்து அனுப்பிவிடுவதே நேர்மையான வழி. பணத்தைக் கையிற் கொடுத்தால் அவர்கள் புறப்படுவார்கள். கொடுக்காவிட்டால் வாதாடிக்கொண்டு இருப்பார்கள். இது விடுதிக்காரருக்கு நட்டமே. ஆயினும் அப்படி அனுப்பப்பட்டவர் மறு ஆண்டு தேடிக்கொண்டு வருவதும் உண்டு. எஞ்சியிருப்பவர் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், அறை இலக்கம் ஆகியவற்றை இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். வீடு இடிந்தால் எத்தனை பேரைத் தேடுவது என்பது அப்போதுதான் தெரியும்.

இனிக் காவற்காரர். பெரும்பாலான ஆலோசனைகள் இவரை மறந்துவிடுகின்றன. எச்சரிக்கையைக் கேட்ட உரிமையாளர் கொழும்பிலிருந்து தொலைபேசியிற் பேசுகின்றார்: “வீட்டைக் கவனமாய்ப் பார்த்துக்கொள்ளுங்க அண்ணன்.” மறுபக்கத்திலிருந்து, “ஓம் முதலாளி” என்று விடை வருகின்றது. உரிமையாளர் கருதியது ஒன்று. காவற்காரர் விளங்கிக்கொண்டது வேறொன்று. வீட்டை விட்டு அகன்றபின் தொலைக்காட்சிப் பெட்டியோ மெத்தையோ களவு போனால் தம் தலையில் விழும், சம்பளத்திற் பிடிப்பார்கள், வேலையே போகலாம் என்று அவர் அஞ்சுகின்றார். மனைவி பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தாம் மாத்திரம் தங்குகின்றார். அல்லது அவரை விட்டுப் போக மனமில்லாமல் அவர்களுந் தங்குகின்றனர். கூரையும் கிடுகும் பறந்த பின்னர், கடல் வளவுக்குள் வரும் இருட்டில், அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் மனிதர் அவர். சட்டியும் மெத்தையும் காக்க ஓர் உயிரை நிறுத்திவைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வாறு நிறுத்துகின்றோம் என்பதே பல உரிமையாளருக்குத் தெரிவதில்லை.

ஆகையால் அவர் சொல்லவேண்டியது வேறு. “தகடு போனால் திரும்ப வாங்கலாம் அண்ணன். தாம்போதியில் தண்ணி ஏற முந்திப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. வீட்டுக்கு ஏதும் நடந்தால் உங்களை ஒரு சொல் கேட்க மாட்டேன்.” இவ்வளவையும் வாய்திறந்து சொல்லுதல் வேண்டும், புரட்டாதியிலேயே, வீட்டில் நேரில் இருக்கும்போதே, அவருடைய மனைவியும் கேட்கச் சொல்லுதல் இன்னும் நன்று. விலையுயர்ந்த பொருள்களை எச்சரிக்கை நாளன்றே ஊரிலுள்ள ஒரு கல்வீட்டுக்கு மாற்றிவிட்டால் காவற்காரர் நெஞ்சிலும் பாரங் குறையும். வீட்டினுள்ளும் வெளியிலும் சில நிழற்படங்கள் எடுத்துவைத்தால், பின்னர்க் காப்புறுதியாரோடு பேசுவதற்கு உரிமையாளருக்கு அதுவே சாட்சி. காவற்காரர் சாட்சியாக நிற்கவேண்டியதில்லை.

வெளியேற முடியாதவாறு அகப்பட்டுக்கொண்டோர், கடல்நீர் எட்டாத உயரத்தில் வீடு இருக்குமாயின், கூரைக்குப் பதிலாகக் கொன்கிறீற்றுத் தட்டு மூடிய ஒரு சிறிய உள்ளறையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். குளியலறை பலவேளைகளில் அத்தகையது. பலர் பெரிய மண்டபத்தில் ஒன்றாக இருப்பதையே விரும்புவர். ஆனால் அகன்ற கூரையே முதலிற் போவது. மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, பற்றரி வானொலி, ரோச் விளக்கு, மருந்து, குடிநீர், பத்திரங்கள் யாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ள வேண்டும். பிரதான மின்ஆளியை நிறுத்திவிட வேண்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைத்தொலைபேசியிற் பதிந்துவைப்பதோடு சுவரிலும் எழுதிவைத்தல் நன்று. தொலைபேசியின் உரிமையாளர் மயங்கிக் கிடந்தால் வேறொருவர் வாசிக்கவேண்டுமன்றோ?

காற்று ஓய்ந்த மறுநாட் காலையில் அவசரப்படுவோர் பலர். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல், தாண்டாமல், மின்சார ஊழியர் வரும்வரை அவ்வழியை மறித்துவைக்க வேண்டும். வெள்ளத்துக்கு அஞ்சிய பாம்புகள் அலுமாரிக்கடியிலும் மெத்தை மடிப்பிலும் இருக்கும். அஸ்பெஸ்ரஸ் தகடு உடைந்து கிடந்தால் அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு. உலரக் கூட்டாமல், நீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பொறுக்க வேண்டும். மின்பிறப்பாக்கி வைத்திருப்போர் அதனை அறையினுள்ளோ விறாந்தையிலோ ஓடவிடலாகாது. அதன் புகையில் உள்ள நஞ்சு மணமற்றது. காற்றுக்குத் தப்பியவர்கள் தூக்கத்திலேயே அதற்கு இரையாவதுண்டு. கிணற்று நீரை இறைத்து, சுகாதார உத்தியோகத்தர் குளோரீன் இட்டுச் சரியென்று சொல்லும்வரை குடிக்கலாகாது. கடல்நீர் புகுந்த கிணற்றை ஒரேயடியாக இறைத்துக் காலியாக்குவதும் தவறு; கீழேயுள்ள உப்புநீர் மேலும் ஊறிவரும். சிறிது சிறிதாக, நாட்கணக்கில் இறைத்தல் வேண்டும்.

காவற்காரர் குடும்பத்தோடு திரும்பி வருவார். அவருடைய கொட்டில் நிற்காது. கிடுகு ஒன்றுகூட வளவில் இராது. விடுதியின் ஓர் அறை அவர்களுக்கு உடனே திறக்கப்படுதல் வேண்டும். அதற்கு உரிமையாளரின் அனுமதியைத் தொலைபேசியிற் கேட்டுக்கொண்டு நிற்க நேராதபடி அதுவும் முன்னரே பேசப்பட்டிருத்தல் வேண்டும். பின்னர், நாள் சில சென்று யன்னற் பலகைகளைக் கழற்றும்போது, ஆணிகளை நிமிர்த்தி ஒரு தகரப் பேணியிலிட்டு, பலகைகளை வெயிலிற் காயவைத்து, முன்னைய மூலையிலேயே அடுக்க வேண்டும். எழுதிய அறைப்பெயர்கள் மழையில் அழிந்திருப்பின், அடுக்குமுன் மீண்டும் எழுதிவைத்தல் வேண்டும்.